பலகை அக்காவும் ஏழு சென்டிமீட்டரும்

பலகை அக்காவின் வீட்டில் மதியச் சாப்பாடு நாளுக்கு ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். திங்கட்கிழமை பன்னிரண்டரைக்கு என்றால் செவ்வாய்க்கிழமை ஒன்று இருபது; வெள்ளிக்கிழமை அநேகமாக நாலு மணி. அதற்குள் வீட்டில் யாராவது பொறுக்கமுடியாமல் சட்டியைத் திறந்திருப்பார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து கணக்கு சுற்றி வந்து, காலை பத்தரைக்கே தட்டில் சோறு விழும்.

“எங்க வீட்டுல கடிகாரம் சுவத்துல இல்ல சார், வானத்துல இருக்கு” என்பார் அவள் கணவர். அவர் ஆற்றைக் கடக்கும் படகின் டிரைவர்.

காரணம் இதுதான். படகுத்துறையின் கடைசித் தூணில் ஆறு மீட்டர் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பலகை நிற்கிறது. சென்டிமீட்டருக்கு ஒரு கறுப்புக் கோடு, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கறுப்பு எண், மீட்டருக்கு ஒரு சிவப்பு எண். கடல் ஏறி ஆற்றுக்குள் வரும்போது அந்தப் பலகையில் தண்ணீர் எதுவரை வந்தது, வற்றும்போது எதுவரை இறங்கியது என்று பார்த்து எழுதுவது அவள் வேலை. ஏற்றமும் வற்றமும் நிலாவோடு சேர்ந்து நாளுக்கு ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும்; சாப்பாடும் அதன் பின்னால் போகும். பொழுது சாய்ந்த பிறகு பக்கத்துக் குடிலில் இருக்கும் மிதவைக் கருவி தானாகவே தாளில் கோடு போட்டுக்கொள்ளும். காலையில் வந்து தாளை மாற்றி, பலகையோடு ஒப்பிட்டு, கருவி பொய் சொல்லியிருந்தால் அதன் காதைத் திருகுவதும் அவள்தான். சம்பளப் பட்டியலில் அவளுக்கு நீளமான ஒரு பதவிப் பெயர் இருக்கிறது. துறைமுக அலுவலகத்தில் யாரும் அதைச் சொல்லி அழைத்ததில்லை. அவள் பலகை அக்கா.

பார்த்தால் சுலபமான வேலை. ஆனால் தண்ணீர் சும்மா நிற்பதில்லை. ஒரு படகு போனால் பலகையில் ஒரு சாண் உயரத்துக்கு அலை ஏறி இறங்கும். அவள் மூன்று அலை போகும்வரை காத்திருப்பாள். அலையின் தலை எங்கே, கால் எங்கே என்று பார்த்து நடுவை எடுப்பாள். வாரத்துக்கு ஒருமுறை வற்றத்தின்போது ஏணியில் இறங்கிப் பாசியையும் சிப்பியையும் கத்தியால் சுரண்டுவாள். சிப்பி பிடித்த எண்களில் எட்டும் மூன்றும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

எங்கள் ஊர்க் கழிமுகத்தை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும்: இது ஒரே இடத்தில் உட்காராத ஊர். ஒரு காலத்தில் ஆற்றுக்கு இரண்டு வாய்கள் இருந்தன. பாய்மரக் கப்பல்கள் வடக்கு வாய் வழியாக ஏற்றத்தோடு உள்ளே வந்து, பத்து மைல் மேலே இருந்த கிடங்குகளில் சரக்கை இறக்கிவிட்டு, வற்றத்தோடு வெளியே போயின. பிறகு ஒரு பெருவெள்ளம் தெற்கு வாயை அகலமாக உடைத்துக்கொண்டு போனது. ஆற்றின் வேகமெல்லாம் அங்கே போய்விட, கடல் வடக்கு வாயில் மணலைக் கொண்டுவந்து கொட்டி அடைத்தது. அந்த வாய் இப்போது நீண்ட ஒரு குட்டை. கோடையில் அங்கே கால்பந்து ஆடுகிறார்கள். கிடங்குகளின் வாசலில் மாடு மேய்கிறது. நங்கூரத் தெரு என்று ஒரு தெரு உண்டு. அங்கிருந்து தண்ணீரைப் பார்க்க இருபது நிமிடம் நடக்க வேண்டும். கடலுக்கு முந்தின வளைவில் ஆறு உள்கரைக்குச் சேற்றைக் கொடுக்கிறது, வெளிக்கரையிலிருந்து மண்ணைப் பிடுங்குகிறது. வெளிக்கரையில் இருந்த தபால் நிலையம் இதுவரை மூன்றுமுறை பின்வாங்கியிருக்கிறது.

அக்கா பிறந்தது அந்த வெளிக்கரையில். அவளுடைய அப்பா வீட்டின் சமையலறை ஒரு மழைக்காலத்தில் ஆற்றுக்குள் போனது. வாழ்க்கைப்பட்டு வந்தது உள்கரைக்கு. “நீங்க இழந்த மண்ணெல்லாம் இங்கதான் சேர்ந்திருக்கு அண்ணி. சீதனம் முன்னாடியே வந்துடுச்சு” என்று அவளுடைய நாத்தனார் முதல் வாரமே கிண்டல் செய்தாள். நாத்தனாருக்கு அடுத்த வீடு. அவள் வாயும் அடுத்த வீடுதான். சுவர் அதைத் தடுப்பதில்லை.

பலகை வேலை மூன்று மாதத்துக்கு என்று கிடைத்தது. ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தவர் காலை முறித்துக்கொண்டார். கால் சேர்ந்ததும் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். மகள் தவழ்ந்துகொண்டிருந்த வயதில் அக்கா அந்தக் குடிலுக்குள் போனாள். மகள் இப்போது கல்லூரியில் கணக்கு படிக்கிறாள். இடையில் பத்தொன்பது வருடம். காய்ச்சலில் கிடந்த நாட்களில் கணவர் படகை நிறுத்திவிட்டு ஓடிவந்து பலகையைப் பார்த்தார். அவர் எழுதிய எண்களுக்குப் பக்கத்தில் அவள் சின்னதாக ஒரு புள்ளி வைத்திருக்கிறாள். நம்பிக்கை இல்லாமல் அல்ல. அவர் அலையின் தலையை மட்டுமே பார்ப்பவர்.

இந்தப் பத்தொன்பது சும்மா வந்த எண் அல்ல. நிலா வானத்தில் போகும் பாதை கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, பழைய இடத்துக்குத் திரும்பிவர ஏறக்குறைய பதினெட்டரை வருடம் ஆகிறது. கடலின் ஏற்றவற்றமும் அதற்கேற்ப மெல்லக் கூடிக் குறையும். எனவே ஒரு கழிமுகத்தின் சரியான நீர்மட்டம் தெரிய வேண்டுமென்றால் பத்தொன்பது வருடம் விடாமல் அளந்திருக்க வேண்டும். எங்கள் ஆற்றுக்கு அப்படி ஒரு கணக்கு இதற்குமுன் இருந்ததே இல்லை. பக்கத்துத் துறைமுகத்தின் கணக்கை வாங்கித்தான் வரைபடம் போட்டார்கள். அந்தத் துறைமுகமோ திறந்த கடலோரம், ஆறே கிடையாது. “பக்கத்து வீட்டுக்காரன் அளவுக்கு நமக்குச் சட்டை தைக்கிற மாதிரி” என்று டிரைவர் சொல்வார். அந்தச் சட்டையை நம்பித்தான் அவருடைய படகு இரண்டுமுறை மணல்திட்டில் ஏறி உட்கார்ந்தது.

பத்தொன்பதாவது வருடம் முடிந்த மாதம், தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். நாற்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைத் தேடும் வழக்கம் உள்ளவர். புது வரைபடமும், புது இறங்குதுறையின் தள உயரமும் இந்தக் கணக்கை வைத்துத்தான் என்று சொல்லி, அக்காவின் பத்தொன்பது பதிவேடுகளையும் இரண்டு பெட்டிகளில் எடுத்துப்போனார். அன்று அவள் சாப்பாடு பரிமாறும்போது பாடிக்கொண்டிருந்தாள் என்று மகள் சொல்கிறாள்.

மூன்று வாரத்தில் அவர் திரும்பிவந்தார். குடிலின் மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்தார். திரையில் ஒரு நீண்ட கோடு. நடுவில் படிக்கட்டு மாதிரி ஒரு எழும்பல்.

“இங்க பாருங்கம்மா. முதல் பத்து வருஷம் ஒரு மட்டம். அப்புறம் ஒரே நாள்ல ஏழு சென்டிமீட்டர் மேல ஏறி, அப்படியே நிக்குது. கடல் இப்படித் துள்ளாது.”

“கருவி கோளாறா இருக்குமோ சார்?”

“கருவி உங்க பலகையப் பாத்துத்தானே ஓடுது. பழைய படித்துறையிலிருந்து பலகைய இங்க மாத்தின நாள் அது. மாத்தும்போது ஏதோ ஆகியிருக்கு. என்னன்னு தெரிஞ்சா திருத்தலாம். தெரியலன்னா முதல் பத்து வருஷத்த விட்டுடணும்.”

“அப்ப பத்தொன்பது?”

“மிச்சம் ஒன்பதுதான். இன்னும் பத்து வருஷம் அளக்கணும். அதுவரைக்கும் பழையபடி பக்கத்துத் துறைமுகக் கணக்குதான்.” கண்ணாடியைத் தேடி எடுத்து மூக்கில் போட்டுக்கொண்டார். “நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் இருப்பேன். ஏதாவது ஞாபகம் வந்தா சொல்லுங்க.”

ஞாபகம் வர வேண்டிய அவசியமே இல்லை. மாற்றிய நாள் அவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. அவளும் அலுவலகத் தச்சரும் சேர்ந்து செய்த வேலை அது.

பலகை முதலில் வளைவின் உள்கரையில் இருந்த பழைய படித்துறையில் நின்றது. வருடாவருடம் சேறு சேர்ந்து, வற்றத்தின்போது பலகையின் காலடியில் தண்ணீரே இல்லாமல் போயிற்று. கடல் பக்கமாக எழுநூறு மீட்டர் கீழே, புதுத் துறைக்கு மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. புதுப் பலகையின் பூஜ்யமும் பழைய பலகையின் பூஜ்யமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அதற்கென்று மூன்றுகால் மட்டக்கருவி இருக்கிறது. அது அப்போது பழுதுபார்க்கப் போயிருந்தது. அன்றைய மேலதிகாரி, “தண்ணியவிட நல்ல மட்டம் எது இருக்கு? அத வெச்சே இணைச்சிடுங்க” என்றார். அதுவும் வழக்கத்தில் உள்ள முறைதான். ஏற்றம் உச்சிக்கு வந்து அசையாமல் நிற்கும் சில நிமிடங்களில் இங்கே என்ன எண் காட்டுகிறதோ, அதே எண் அங்கேயும் தண்ணீரில் பட்டால் போதும்.

அக்கா பழைய பலகையருகே நின்றாள். தச்சர் புதுத் தூணில் ஏணி போட்டுத் தொங்கினார். இருவர் காதிலும் கைப்பேசி. இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டரில் தண்ணீர் ஏறி நின்றது. “ரெண்டு பத்து. இப்ப!” என்றாள் அவள். அவர் தூணில் உளியால் ஒரு கீறல் போட்டார். மறுநாள் அந்தக் கீறலுக்கு நேராக இரண்டு பத்து வரும்படி பலகையை அறைந்தார்கள். வேலை சுத்தம் என்று இருவரும் டீ குடித்தார்கள்.

இன்ஜினியர் பதிவேடுகளைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். அவர் போன பிறகு அக்கா பத்தாவதை எடுத்து அந்த நாளைத் திறந்தாள். தேதி, நேரம், உயரம், காற்று. கடைசிக் கட்டத்தில் அவளுடைய கையெழுத்தில்: “மேலே மழை. கலங்கல். மரம் மிதந்து வந்தது.”

அந்த மரம் அவள் கண்முன் வந்தது. வேரோடு பிடுங்கிவந்த ஒரு இளமரம். தச்சரிடம் கைப்பேசியில், “அண்ணே, ஒரு மரம் வருது, ஏணியில மோதப்போகுது, பாத்து” என்று அவளே சொல்லியிருந்தாள். பத்து நிமிடம் கழித்து, “உன் மரம் வந்துடுச்சும்மா” என்று அவரும் சொன்னார்.

தண்ணீர் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருந்தது. மேலே பெய்த மழையைச் சுமந்துகொண்டு ஆறு கடலை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. ஓடுகிற தண்ணீர் சரிவில்தான் ஓடும். படித்துறையில் உயர்ந்தும், எழுநூறு மீட்டர் கீழே கொஞ்சம் தாழ்ந்தும் இருந்திருக்க வேண்டும். அந்தத் தாழ்ந்த தண்ணீரில் இரண்டு பத்தை வைத்தார்கள். புதுப் பலகை ஏழு சென்டிமீட்டர் கீழே இறங்கி நின்றுவிட்டது. ஒன்பது வருடமாக எல்லாவற்றையும் ஏழு கூடுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கழிமுகத்தில் பிறந்தவளுக்கு, சமையலறையை ஆற்றிடம் கொடுத்தவளுக்கு, இது அன்றே தோன்றவில்லை.

தச்சர் பட்டறையில் ஒரு ஜன்னல் சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு இழைப்புளியைக் கீழே வைத்தார்.

“ஏம்மா, ஒன்பது வருஷமா சும்மா கெடந்த பாம்ப எதுக்கு எடுத்து மடியில விடுற? தெரியலன்னு சொல்லிடு.”

“தெரியலன்னா பத்து வருஷம் போச்சுண்ணே.”

“தெரியும்னா நம்ம மானம் போச்சு. எனக்கு ரிட்டயராக இன்னும் எட்டு மாசந்தான். தண்ணிய வெச்சு மட்டம் பாக்கத் தெரியாத தச்சன்னு பேரோட போகவா?”

“உங்க பேரச் சொல்ல மாட்டேன். நம்பர் கூப்பிட்டது நான். ‘இப்ப’ன்னு சொன்னதும் நான்.”

“கோடு போட்டது யாரு, உன் மாமியாரா?” அவர் கொஞ்ச நேரம் சுருள் சுருளாகக் கிடந்த மரச்சீவலைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். “அந்த மரம் என் ஏணிய ஒரு தட்டு தட்டுச்சு. அப்பவாவது தோணியிருக்கணும் எனக்கு. எப்பம்மா சொல்லப்போற?”

“நாளைக்குக் காலையில.”

“நானும் வரேன். நீ தனியாப் போனா மொத்தத்தையும் உன் தலையில போட்டுப்ப.”

அன்று வீட்டில் அவள் இதைச் சொன்னபோது டிரைவர் சிரிக்கவில்லை. “வேலைக்கு ஏதாவது வருமா?” என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றாள். “வந்தா வரட்டும். படகுல டிக்கெட் கிழிக்க ஆள் தேவைதான்” என்றார். அவர் தைரியம் சொல்லும் விதம் அது.

காலையில் இன்ஜினியர் இருவர் சொன்னதையும் முழுதாகக் கேட்டார். பதிவேட்டின் கடைசிக் கட்டத்தை இரண்டுமுறை படித்தார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“நீங்க சொல்றது நியாயமாத்தான் இருக்கு. ஆனா கதையா எழுதினா ஏத்துக்க மாட்டாங்க. அளந்து காட்டணும். பழைய பலகையோட அடையாளம் ஏதாவது மிச்சம் இருக்கா?”

“செப்பு ஆணி இருக்கு சார். படித்துறையில மேலேயிருந்து ஆறாவது படியில அடிச்சிருக்கு. பழைய பலகையில சரியா ரெண்டு நாப்பது.”

“அப்ப போய்ப் பாத்துடலாம்.”

“பாக்கலாம் சார்” என்றாள் அக்கா. “ஆனா அது எங்க நாத்தனாரோட கீரைக்கு அடியில இருக்கு.”

ஒன்பது வருடத்தில் ஆறு படித்துறையைச் சேற்றால் மூடியிருந்தது. அதன்மேல் நாத்தனார் கூடைகூடையாக மண்ணைக் கொட்டி, வரப்புக் கட்டி, பாத்தி பிரித்திருந்தாள். இரண்டு மண்வெட்டியும் ஒரு இன்ஜினியரும் ஒரு தச்சரும் வருவதைப் பார்த்ததும் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“என்ன அண்ணி, படையோட வர்றீங்க?”

“ஒரு ஓரமாத் தோண்டிக்கிறோம். ஒரே ஒரு ஆணி பாக்கணும்.”

“ஆணியா? வீட்டுல இல்லாத ஆணியா? என் கீரை நேத்துதான் ரெண்டு இலை விட்டிருக்கு!”

“அம்மா, இது அரசாங்க நிலம்” என்றார் இன்ஜினியர்.

“நிலம் அரசாங்கத்தோடதா? அரசாங்கமா சேறு சுமந்துச்சு? ஆறு கொண்டாந்து குடுத்தது எனக்கு. இது எங்க அண்ணி வீட்டுச் சமையலறை சார், தெரியுமா உங்களுக்கு?”

இன்ஜினியர் குழம்பிப்போய் அக்காவைப் பார்த்தார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாத்தனாருக்கும் அடக்க முடியவில்லை. எதற்காக என்று அக்கா இரண்டே வரியில் சொன்னாள். நாத்தனார் பாத்தியைப் பார்த்தாள், ஆற்றைப் பார்த்தாள்.

“பத்தொன்பது வருஷமா என் அண்ணன் நேரத்துக்குச் சோறு சாப்பிடல. அது வீணாப் போகக்கூடாது” என்று சொல்லி, தானே குனிந்து கீரையை வேரோடு எடுத்து ஈரச்சாக்கில் வைக்கத் தொடங்கினாள். “இந்தப் பக்கம் தோண்டாதீங்க, அது நாலாவது படி. நான் மண் போட்டவ, எனக்குத் தெரியாதா?”

ஏற்றம் வருவதற்குள் முடிக்க வேண்டும். ஈரமண்ணில் குழி தானே நிரம்பிவிடும். தச்சர் வெட்டினார், நாத்தனார் அள்ளினாள், அக்கா கையால் துழாவினாள். ஆறாவது படியின் விளிம்பு தட்டுப்பட்டது. வழுவழுப்பான கருஞ்சேற்றுக்குள் அவள் விரல்கள் கல்லின்மேல் மெல்ல நகர்ந்து ஓரிடத்தில் நின்றன. தண்ணீர் ஊற்றிக் கழுவியதும் பச்சை பூத்த ஒரு செப்புத் தலை தெரிந்தது.

மட்டக்கருவி இந்தமுறை பழுதில்லாமல் இருந்தது. ஆணியின்மேல் அளவுகோலை நிறுத்தி இன்ஜினியர் கருவியின் கண்ணாடி வழியே பார்த்து எண்ணைச் சொன்னார், அக்கா எழுதினாள். கருவியைத் தூக்கிக்கொண்டு நாற்பது அடி வைத்து, மறுபடி பார்த்து, மறுபடி எழுதினார்கள். வளைவைச் சுற்றி, வலை காயவைத்த முற்றங்கள் வழியாக, ஐஸ் கட்டி உடைக்கும் கொட்டகையின் பின்புறமாக எழுநூறு மீட்டர். அளவுகோலைச் சாயாமல் பிடித்துக்கொண்டு நடந்தவர் தச்சர். வழியில் கேட்டவர்களிடமெல்லாம், “தண்ணிகிட்ட ஏமாந்தோம், இப்ப தரைகிட்ட கேக்குறோம்” என்று அவரே சொல்லிவிட்டார். மறைக்க நினைத்த மனிதர் அவர்தான்.

புதுப் பலகைக்கு வந்து சேர்ந்தார்கள். இன்ஜினியர் கடைசியாக ஒருமுறை பார்த்தார். கூட்டல் கழித்தலை அக்கா போட்டாள். பிழை வரக்கூடாதென்று அவரும் தனியாகப் போட்டார். பழைய பலகையில் இரண்டு நாற்பதாக இருந்த அதே மட்டம், புதுப் பலகையில் இரண்டு நாற்பத்தேழு.

“ஏழு” என்றார் அவர்.

“ஏழேதான் சார்.”

குடிலுக்குள் போய் மடிக்கணினியைத் திறந்து, கடைசி ஒன்பது வருடத்தின் எண்களிலிருந்து ஏழைக் கழித்தார். திரையில் அந்தப் படிக்கட்டு மறைந்தது. பத்தொன்பது வருடமும் ஒரே கோடாக, நிலாவின் இழுப்புக்கு மெல்ல உயர்ந்து மெல்லத் தாழ்ந்து ஓடியது. அக்கா அதை விரலால் தொடாமல், திரைக்கு அருகே விரலைக் கொண்டுபோய், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்த்திப் பார்த்தாள்.

“நம்ம ஆறுதான்” என்றாள்.

“ஆமா. இனி உங்க ஆத்துக்கு உங்க கணக்குதான்.” அவர் தட்டச்சு செய்யத் தொடங்கினார். “வரைபடத்துலயும் அட்டவணையிலயும் ஒரு அடிக்குறிப்பு போடணும், ஏன் ஏழு கழிச்சோம்னு. எழுதிட்டேன், சரியா இருக்கான்னு பாருங்க.”

அவள் படித்தாள். “பலகை இடமாற்றத்தின்போது பணியாளர்களின் கவனக்குறைவால்” என்று தொடங்கியிருந்தது. கதவருகே நின்ற தச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

“சார், இது சரியில்ல” என்றாள் அக்கா.

“ஏம்மா, நீங்கதானே தப்புன்னு சொன்னீங்க?”

“தப்புதான். கவனக்குறைவு இல்ல. அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் மூச்சுக்கூட விடாம நின்னோம். கவனமாத்தான் தப்புப் பண்ணினோம். நாளைக்கு வேற எங்கயாவது பலகைய மாத்துறவங்க இதப் படிச்சா, நாம கவனமா இருந்தாப் போதும்னு நெனச்சுப்பாங்க. என்ன நடந்துச்சோ அத எழுதுங்க.”

இன்ஜினியர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். வரியை அழித்தார். அவள் சொல்லச்சொல்ல எழுதினார்.

அந்த அடிக்குறிப்பு இப்போது அச்சாகி, எங்கள் கழிமுகத்துக்குள் வரும் ஒவ்வொரு படகிலும் இருக்கிறது: “ஏற்றத்தின் உச்சியில் நீர்மட்டத்தை வைத்துப் பலகைகள் இணைக்கப்பட்டன. மேலே மழை பெய்து ஆறு ஓடிக்கொண்டிருந்ததால் இரு இடங்களிலும் நீர் ஒரே மட்டத்தில் இல்லை.”